செல் துண்டு புதைந்த மரமும் சங்கிலி வாளும்: சிறு காணிக்காரர் தெரிந்திருக்க வேண்டியவை

பெரியப்பாவின் வளவு புதுக்குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. இரண்டு ஏக்கர். 2012ஆம் ஆண்டு மெனிக் பாம் முகாம் மூடப்பட்ட காலத்தில் அவர் அங்கு திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு பாதி தூர்ந்திருந்தது, வளவு முழுக்க விடத்தலும் உடையும் பற்றையாக மூடியிருந்தன. கிணற்றடி வேம்பு மட்டும் நின்றது. சில வருடங்களுக்குப் பிறகு அந்த வேம்பின் பெரிய கிளை ஒன்று புதுக் கூரையின் பக்கம் சாயத் தொடங்கியது. மரம் அரியும் அண்ணை ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் மிசின் வாளோடு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், காலில் செருப்பு. மூன்றாவது வெட்டில் வாளிலிருந்து தீப்பொறி பறந்தது. இரும்பை இரும்பு உரசும் சத்தம். உடனே நிறுத்தினார். சங்கிலியின் பற்களில் பாதி மழுங்கிப் போயிருந்தன. கோடாலியால் அந்த இடத்தைப் பிளந்து பார்த்தபோது பெருவிரல் நகமளவு இரும்புத் துண்டு ஒன்று மரத்துக்குள் இருந்தது.

“ஐயா, இது செல் துண்டு. இந்தச் செயின் இனிச் சரிவராது” என்றார் அவர்.

“காலிலை கீலிலை படேல்லைத்தானே தம்பி?” என்று பெரியப்பா கேட்டார்.

“நல்ல காலம்” என்றார் அண்ணை.

அந்த ‘நல்ல காலம்’ என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. போருக்குள் இருந்து உயிரோடு வந்த ஒருவரின் கால், போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு நல்ல காலத்தை நம்பி இருக்கவேண்டுமா? அதன் பிறகு மரம் அரிபவர்களோடு நின்று பார்த்தேன், கேட்டேன், தயாரிப்பாளர்களின் கைநூல்களை வாசித்தேன். காணிக்குத் திரும்பியவர்கள், திரும்பக் காத்திருப்பவர்கள் அனைவருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

முதல் கேள்வி இதுதான். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சங்கிலி வாளின் தேவை வருடத்தில் சில நாட்களே. காணியை ஒருமுறை துப்புரவாக்க மட்டும் என்றால், வாளோடு வரும் அனுபவசாலி ஒருவரை நாட்கூலிக்குப் பிடிப்பது மலிவு, பாதுகாப்பும் கூட. மணிக்கட்டுத் தடிப்புள்ள கிளைகளுக்குக் கைவாளும் கத்தியும் போதும்.

வேலி மரம், விறகு, தென்னை, புயலுக்கு விழும் மரம் என்று தொடர்ச்சியாக வேலை இருப்பவர்களுக்கு வாள் உண்மையில் உதவும். அப்போதும் தனியாக வாங்குவதை விட, கமக்கார அமைப்பு அல்லது மாதர் சங்கம் ஊடாக நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, அதைக் கையாள ஓரிருவரை மட்டும் பழக்கி வைப்பது நல்லது. நுண்கடன் எடுத்து வாங்கும் பொருள் இது அல்ல. அந்தக் கடனை அடைப்பதற்காகவே பழகாத கையோடு கூலிக்கு மரம் அரியப் போகவேண்டி வந்தால், கடனோடு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

வாளை இயக்கும் முன் கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்

2016 இல் சங்கிலி வாள்களைப் பொலிஸ் நிலையத்தில் பதிவு செய்யும் நடைமுறை கொண்டுவரப்பட்டது. எனவே வாங்க முன்பே உங்கள் பொலிஸ் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ நடைமுறையைக் கேட்டறியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமலும், இயந்திரத்தில் பொறித்த தொடர் இலக்கம் அழிக்கப்பட்ட நிலையிலும் வாங்காதீர்கள். பழைய வாள் என்றால் முன்னைய உரிமையாளரின் பதிவைக் கேளுங்கள்.

மரத்துக்கும் அனுமதி தேவை. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வெட்டிய மரத்தை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்குத் தனி அனுமதி.

வன்னியில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் பற்றை வளர்ந்து, பின்னர் அவை வனம் என்று எல்லைக்கல் நாட்டப்பட்ட இடங்கள் உண்டு. அப்படியான காணியில் வாள் சத்தம் கேட்டால் முதலில் வருவது வழக்காக இருக்கலாம். உறுதி, அனுமதிப்பத்திரம் எது இருக்கிறதோ அதன் பிரதியைக் கையில் வைத்திருங்கள். எல்லை பற்றி ஐயம் இருந்தால், வெட்டத் தொடங்கும் முன் கிராம அலுவலரிடமிருந்து எழுத்தில் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்த அளவு வாள்?

கடையில் பெரியதையே முதலில் காட்டுவார்கள். “52, 58 சீசீ, 22 அங்குல பார், விலை குறைவு” என்பார்கள். பார் என்பது சங்கிலி ஓடும் நீண்ட அலகு. அது நீளமாக இருந்தால் வேலை சுலபம் என்று நினைப்பது தவறு. அலகு நீள நீள எடை கூடும், நுனி எங்கே படுகிறது என்பது கண்ணுக்குத் தப்பும்.

கிளை, விறகு, வேலி மரம், சிறு தென்னை ஆகியவற்றுக்கு 35 முதல் 40 சீசீ வரையான இயந்திரமும் 14 அல்லது 16 அங்குல அலகும் போதும். வளர்ந்த தென்னை, பனை, வேம்பு என்று அடிக்கடி வேலை இருந்தால் 45 முதல் 55 சீசீ, 16 அல்லது 18 அங்குலம். பலகை, சிலாகை அரிவது வேறு தொழில். அதைத் தொழில்காரரிடம் விடுங்கள். பழகாதவர், அலகின் நீளத்தை விடத் தடிப்பான மரத்தில் கை வைக்கக்கூடாது.

எந்த நிறுவனத்தின் வாள் என்பதை விட, அதற்கு உதிரிப்பாகமும் திருத்துபவரும் உங்கள் ஊரில் அல்லது கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் கிடைக்கிறதா என்பதே முக்கியம். கடையில் வைத்தே இவற்றைப் பாருங்கள்:

முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்புத் தட்டை முன்னே தள்ளினால் சங்கிலி பிறேக் பிடிக்கிறதா? விட்டால் இலகுவாக வருகிறதா? விசைக்கு மேலே உள்ள பூட்டை உள்ளங்கையால் அழுத்தாமல் விசை அசையக்கூடாது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது சங்கிலி சுற்றக்கூடாது. சங்கிலி அறுந்தால் அதைப் பிடிக்கும் சிறிய கொக்கி அடியில் இருக்கவேண்டும். கைப்பிடிக்கும் இயந்திரத்துக்கும் இடையில் அதிர்வைத் தாங்கும் இறப்பரோ சுருளோ இருக்கவேண்டும். நிறுத்தும் சுவிட்ச் பெருவிரலுக்கு எட்டவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வாள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வாளின் விலையில் பாதுகாப்பையும் சேருங்கள்

எலும்பு அறுக்கும் சத்திரசிகிச்சைக் கருவியாக 1830 அளவில் ஜேர்மனியில் பேர்ன்ஹார்ட் ஹைன என்பவர் கைப்பிடியால் சுழற்றும் சங்கிலி வாள் ஒன்றை உருவாக்கினார். மரம் அரியும் வாளின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. இன்றைய வாளின் சங்கிலி முழு வேகத்தில் செக்கனுக்கு 20 மீற்றர் அளவில் ஓடுகிறது. சாரம் அதற்கு ஒரு தடையே அல்ல.

ஆகவே வாளுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்பு உடைக்கு எடுத்து வையுங்கள். முதலாவது, கால் காப்பு. இது வெறும் தடித்த துணி அல்ல. உள்ளே நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். சங்கிலி பட்டதும் அவை இழுபட்டுச் சுற்றி, வாளைச் சிக்கவைத்து நிறுத்தும். ஒருமுறை வெட்டுப்பட்டால் அதை மாற்றவேண்டும். இரண்டாவது, முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து. மூன்றாவது, வலை முகமூடியும் காது மூடியும் உள்ள தலைக்கவசம். வாளின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். ஏற்கனவே செல் சத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்கள் நம்மில் பலர். எஞ்சிய கேட்கும் திறனைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

கால் காப்பு எங்கள் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை. வாள் விற்கும் பெரிய முகவர்களிடம் சொல்லி எடுப்பிக்கலாம். அது வரும் வரை வாளைத் தொடாமல் இருப்பதே சரி.

மரத்துக்குள் இரும்பு, மண்ணுக்குள் வெடிபொருள்

முதலாம் உலகப் போர் நடந்த பிரான்ஸின் வெர்டன் பக்கத்துக் காடுகளில் செல் துண்டு புதைந்த மரங்கள் நூறு ஆண்டுகள் கடந்தும் மர ஆலைகளுக்குத் தலையிடியாக இருக்கின்றன. பிரெஞ்சு மொழியில் அத்தகைய மரத்துக்குத் தனிப் பெயரே உண்டு. எங்கள் மரங்களும் அந்த வகைதான். மரம் வளரும்போது காயத்தைச் சுற்றி மூடிக்கொள்கிறது. வெளியில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

ஆனாலும் சில அடையாளங்கள் இருக்கின்றன. பட்டையில் உதடு போல் மூடிய பழைய வடு, காரணமில்லாத வீக்கம், ஒரே இடத்தில் வடியும் பிசின், வெட்டிய முகத்தில் கருநீல நிறக் கறை. இரும்பு மரச்சாற்றோடு சேரும்போது இந்தக் கறை உண்டாகிறது. கறையைக் கண்டால் அதற்கு மேலேயோ கீழேயோ தள்ளி வெட்டுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து செல் வந்து விழுந்தது என்பது வளவுக்காரருக்கு நினைவிருக்கும். அந்தப் பக்கம் பார்த்து நிற்கும் அடிமரத்தையே முதலில் சந்தேகியுங்கள். கையில் பிடிக்கும் சிறிய உலோகம் காட்டும் கருவி மேலோட்டமாக இருப்பதை மட்டும் காட்டும், ஆழத்தில் உள்ளதைக் காட்டாது. பழைய முள்ளுக்கம்பியும் ஆணியும் வேலி மரங்களில் இதே வேலையைச் செய்யும்.

பொறி பறந்தாலோ சத்தம் மாறினாலோ உடனே நிறுத்துங்கள். “இன்னும் கொஞ்சம்தானே” என்று அழுத்தும்போதுதான் சங்கிலி அறுந்து வீசும்.

மண் இன்னும் முக்கியம். ஹலோ ட்ரஸ்ட், டாஷ் போன்ற அமைப்புகள் வடக்கில் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. ஆனால் காணி துப்புரவாக்கப்பட்டதாகக் கையளிக்கப்படுவது குறிப்பிட்ட ஆழம் வரைக்குமே. மரத்தை நிலமட்டத்துக்கு மேலே வெட்டுவது ஒன்று, வேரோடு பிடுங்குவது வேறு. கட்டையைத் தோண்டி எடுக்கும் முன் யோசியுங்கள். வெட்டிய பற்றையைக் குவித்து அங்கேயே எரிப்பது எங்கள் வழக்கம். அடியில் வெடிக்காத பொருள் ஏதாவது கிடந்தால் சூடு அதை வெடிக்கவைக்கும். அகற்றும் பணி முடிந்ததாக உறுதியில்லாத காணிக்குள் வாளோடு போகவே வேண்டாம். சந்தேகமான ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, இடத்தை அடையாளம் வைத்து, 119 க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

இன்னொன்று, பழைய பங்கர் குழிகள். இலை மூடிக் கிடக்கும். மரம் விழும்போது பின்னால் விலகும் ஒருவர் குழிக்குள் கால் வைத்தால் எழும்ப நேரம் இருக்காது. வெட்டும் முன் மரத்தைச் சுற்றி நடந்து, தடியால் தட்டிப் பாருங்கள். பங்கருக்குக் கூரையாகப் போட்ட பனங்குற்றிகளை அரிவதானால், ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிட்டு அரியுங்கள். மணல் இரண்டே வெட்டில் பற்களைத் தின்றுவிடும்.

பெற்றோல், ஒயில், அரம்

இந்த இயந்திரத்துக்கு வெறும் பெற்றோல் ஊற்றக்கூடாது. இரண்டு வீச்சு இயந்திரத்துக்கான ஒயிலைக் கலக்கவேண்டும். சில வாள்களுக்கு 50 க்கு 1, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சிலவற்றுக்கு 25 க்கு 1, அதாவது 40 மில்லிலீற்றர். உங்கள் கைநூல் சொல்வதையே பின்பற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். வாள் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி வந்து இயக்குங்கள்.

சங்கிலிக்கு வேறு தாங்கி, வேறு ஒயில். கராச்சில் கழித்த பழைய ஒயிலை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள இரும்புத் தூள் அலகையும் பம்பையும் தேய்த்துவிடும். தோலுக்கும் தோட்ட மண்ணுக்கும் அது கேடு.

சங்கிலி அலகின் அடிப்பக்கத்தோடு ஒட்டியிருக்கவேண்டும். அதே நேரம், கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓடவேண்டும். மரத்திலிருந்து சீவல் சீவலாக வந்தால் பல் கூர். தூளாக வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய வாளை அழுத்தித்தான் வெட்டவேண்டும். அழுத்தும்போதுதான் கை தவறும். சங்கிலியின் அளவுக்கு ஏற்ற வட்ட அரம் வாங்குங்கள். சிறு வாள்களுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர், நடுத்தர வாள்களுக்கு 4.8 மில்லிமீற்றர். பல்லில் குறித்திருக்கும் சாய்வில், உள்ளிருந்து வெளியே, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை தள்ளுங்கள்.

வெட்டும்போது

இயக்கும்போது வாள் நிலத்தில் இருக்கவேண்டும். பிறேக் பிடித்திருக்கவேண்டும். வலது காலின் நுனியால் பின் கைப்பிடியை அழுத்தி, இடது கையால் முன் கைப்பிடியைப் பிடித்து, வலது கையால் கயிற்றை இழுக்கவேண்டும். அந்தரத்தில் பிடித்து இழுப்பது பார்க்க நன்றாக இருக்கும். தொடையில் படும் வெட்டுகளுக்கு வழி அதுதான்.

அலகு நுனியின் மேல் கால்வாசிப் பகுதியை நினைவில் வையுங்கள். அந்த இடம் மரத்திலோ மறைந்திருக்கும் கிளையிலோ பட்டால், வாள் மேல்நோக்கி உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் எகிறும். மனிதக் கை அதைத் தடுக்கும் வேகம் கொண்டதல்ல. இரண்டு கையாலும், பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடித்துப் பிடித்தால், இடது மணிக்கட்டு காப்புத் தட்டில் பட்டுப் பிறேக் விழும். ஒற்றைக் கையால் வெட்டாதீர்கள். தோளுக்கு மேலே தூக்கி வெட்டாதீர்கள். ஏணியில் நின்று வெட்டவே வேண்டாம்.

மரத்தை வீழ்த்தும்போது, மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது. விழும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்வாக இரண்டு பாதைகளைத் துப்புரவாக்கி வையுங்கள். விழவேண்டிய பக்கத்தில், மரத்தின் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், அந்த வாயின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே பின்வெட்டு. இரண்டும் சந்திக்கக்கூடாது. நடுவில் குறுக்களவின் பத்தில் ஒரு பங்கு மரத்தை விடவேண்டும். 40 சென்ரிமீற்றர் மரத்துக்கு 4 சென்ரிமீற்றர். அது கதவுப் பிணைச்சல் போல மரத்தைத் திசைமாறாமல் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும். அதையும் வெட்டிவிட்டால் மரம் தான் நினைத்த பக்கம் போகும். பின்வெட்டில் அடிக்கும் ஆப்பு மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம்.

தலையில்லாப் பனை

செல்லடியில் வட்டுப் பறந்து மொட்டையாய் நிற்கும் பனைகளை இன்னும் காண்கிறோம். பலர் முதலில் வெட்ட நினைப்பதும் அவற்றைத்தான். பழகாதவர் கடைசியிலும் தொடக்கூடாத மரம் அதுதான். பனையின் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே சோறு. பட்ட பனையில் உள்ளே உக்கிப்போய் வெளிக்கூடு மட்டும் நிற்கும். பிணைச்சலாக விடுவதற்கு அங்கே பிடிமானமுள்ள மரம் இராது. வாளின் அதிர்விலேயே மேற்பகுதி முறிந்து தலையில் விழலாம். அடியில் கோடாலிப் பிடியால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் விலகி, தூரத்தில் இருந்து கயிறு கட்டி இழுக்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். வீட்டுக்கும் பாதைக்கும் எட்டாத இடத்தில் நின்றால் அப்படியே விட்டுவிடலாம். பொந்துகளில் கிளி இருக்கட்டும்.

உயிருள்ள பனையிலும் வைரம் கடினம். பல் விரைவில் மழுங்கும். இடையில் நிறுத்தி அரம் போடுங்கள், கயிறும் கட்டுங்கள்.

யார் வெட்டுவது, யார் கேட்பது

செயற்கைக் கால் போட்டவர்கள் பலர் தங்கள் காணியைத் தாங்களே பார்க்கிறார்கள். மரம் வீழ்த்தும் வேலையில் சடுதியாக விலகவேண்டி இருப்பதால், அதை வேறொருவருக்கு விட்டு, விழுந்த மரத்தை மரக்குதிரையில் வைத்துத் துண்டாக்குவது, பல் தீட்டுவது, திருத்துவது ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கையில் செல் துண்டு இருப்பவர்கள் அதிர்வால் வலி எடுத்தால் தொடரவேண்டாம்.

தனியாக வெட்டாதீர்கள். பெண் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் கூலிக்காரர் மட்டும் நின்று வெட்டினாலும், ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, முழுப் பலத்தோடு அழுத்துங்கள். பார்ப்பதற்காக எடுக்கவேண்டாம். 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒழுங்கைக்குள் வழி சொல்ல ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, சத்தம். தூரத்தில் ஓடும் சங்கிலி வாளின் இரைச்சல், வன்னியில் நாங்கள் ‘வண்டு’ என்று அழைத்த வேவு விமானத்தின் இரைச்சலுக்கு மிக அருகில் வரும். எங்கள் வளவில் வாள் ஓடிய அன்று பக்கத்து வீட்டு ஆச்சி அடுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இப்போது வெட்டுவதற்கு முதல் நாளே பெரியப்பா நாலு வீட்டுக்கும் போய், “நாளைக்குக் காலமை மரம் அரியிறம்” என்று சொல்லிவிட்டு வருகிறார்.

அந்த அண்ணை இன்னும் எங்கள் பக்கம் வேலைக்கு வருகிறார். கடைசியாக வந்தபோது சப்பாத்தும் கால் காப்பும் போட்டிருந்தார். “விலைதான் தங்கச்சி, வாளின்ரை விலையிலை பாதி வந்திட்டுது” என்றார். வேலையைத் தொடங்க முன் வேம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து, பட்டையில் கை வைத்துத் தடவிப் பார்த்தார்.